நிறுவன எழுத்தும் குப்பை என்ற தீர்ப்பும்

வணிக நிறுவனங்கள் தமது பெயரில் வெளியிடும் கட்டுரைகள், வழிகாட்டிகள், அறிவுரைகள் முதலியவற்றை 'ஸ்பாம்' எனப்படும் குப்பை அஞ்சலுடன் சேர்த்து எண்ணலாமா என்னும் வினா அவ்வப்போது எழுப்பப்பட்டு வருகின்றது. இலாப நோக்கில் எழுதப்பட்டது எதுவாயினும் அது குப்பையே என்பது முற்போக்கு வாசகர் பலரின் ஆயத்தமான விடை. இவ்விடை உணர்வு நிலையில் நியாயமாகத் தோன்றினும் திறனாய்வு நிலையிற் போதாதது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அச்சொல் குறிக்கும் செயலின் வரலாற்றை நோக்குவோம். 1978ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் டிஜிற்றல் எக்குயிப்மன்ற் நிறுவனம் தனது புதிய கணினிகள் பற்றிய விளம்பரமொன்றை ஆர்ப்பாநெற் வலையமைப்பினூடாக ஏறத்தாழ 400 பேருக்கு அனுப்பியது. பிற்காலத்தில் ஸ்பாம் எனப் பெயர்பெற்ற செயலுக்கு இதுவே முதல் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது. கேளாதவருக்குப் பெருந்தொகையில் அனுப்பப்படுதலே இச்செயலின் அடையாளம். 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இயற்றப்பட்ட சட்டமும் வணிக அஞ்சலைத் தடைசெய்யவில்லை. அனுப்புவோர் தம்மை மறைத்தலாகாது, வேண்டாமெனத் தெரிவித்தோருக்குத் தொடர்ந்து அனுப்பலாகாது என்றே விதித்தது. ஆகவே, ஸ்பாம் என்பது விநியோகம் பற்றிய கருத்தாக்கமாகும். ஓர் எழுத்து வாசகரை எவ்வாறு வந்தடைந்தது என்பதை அது கூறும். அவ்வெழுத்து எத்தகைய சமூக உறவுகளுள், எவரது நலனுக்காக உற்பத்தி செய்யப்பட்டது என்பதைக் கூறாது.

கணினி வலையமைப்புகளுக்கு நெடுங்காலம் முற்பட்ட நிறுவன எழுத்துகள் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்குவன. கலப்பை உற்பத்தியால் வளர்ந்த அமெரிக்காவின் ஜோன் டியர் நிறுவனம் 1895ஆம் ஆண்டில் விவசாயிகளுக்கென 'த பரோ' (உழவுசால்) என்னும் சஞ்சிகையைத் தொடங்கிற்று. பிரான்சின் மிஷெலின் நிறுவனம் 1900ஆம் ஆண்டில் தனது வழிகாட்டி நூலின் 35,000 பிரதிகளை வாகன ஓட்டிகளுக்கு இலவசமாக வழங்கியது. சக்கரத்தின் ரயரை மாற்றும் முறை, பழுதுபார்ப்போர் இருக்குமிடம், தங்குமிடம் ஆகியன அதில் இடம்பெற்றன. மக்கள் கூடுதலாகப் பயணஞ் செய்தால் ரயர்கள் கூடுதலாகத் தேயும். தேய்ந்தால் புதியன விற்பனையாகும். நோக்கம் இதுவாயினும் அந்நூல் பயணிக்குப் பயன்பட்டது என்பதை மறுத்தல் இயலாது. பயன்பெறுமதியின்றிப் பரிவர்த்தனைப் பெறுமதி இல்லை என்னும் மார்க்சிய அடிப்படை எழுத்துக்கும் பொருந்தும். இத்தகைய எழுத்தைக் குப்பை என்போர் அதன் ஆற்றலையே குறைத்து மதிப்பிடுகின்றனர்.

இனி இதற்கு மறுதலையான எடுத்துக்காட்டொன்றைக் கருதுவோம். 1954ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் திகதி அமெரிக்கப் புகையிலை நிறுவனங்கள் நானூறுக்கும் மேற்பட்ட பத்திரிகைகளிற் புகைபிடிப்போருக்கான அறிக்கையொன்றை வெளியிட்டன. அதற்குக் கட்டணம் செலுத்தப்பட்டிருந்தது, கையொப்பமிட்டோரின் பெயர்கள் வெளிப்படையாக இருந்தன, நடை நிதானமானது. மக்களின் உடல்நலமே தமக்கு முதன்மையானதென அது உறுதி கூறிற்று. புகைத்தலுக்கும் புற்றுநோய்க்குமுள்ள தொடர்பை ஐயத்துக்குரியதாக்கிற்று. ஸ்பாமுக்குரிய எந்த அளவுகோலாலும் அதனைக் குற்றஞ்சாட்ட இயலாது. ஆயினும், இந்நிறுவனங்கள் பல பதிற்றாண்டுகளாகப் பொதுமக்களை ஏமாற்றின என 2006ஆம் ஆண்டில் அமெரிக்க மாவட்ட நீதிமன்றமொன்று தீர்ப்பளித்தது. 2017ஆம் ஆண்டிலேயே திருத்த அறிக்கைகள் பத்திரிகைகளில் வெளிவரத் தொடங்கின. இடைப்பட்ட காலத்தில் அந்த ஐயத்தின் விலையைத் தமது உயிராற் செலுத்தியோர் சாதாரண மக்களே.

எனவே, நிறுவன எழுத்தை மதிப்பிடுகையில் அது கூறுவதை மட்டுமன்றி, அதனாற் கூறமுடியாததையும் நோக்குதல் வேண்டும். உழவு இயந்திரத்தைப் பேணும் முறையை ஒரு நிறுவனச் சஞ்சிகை செவ்வனே கற்பிக்கலாம். ஆனால் அவ்வியந்திரத்தைப் பழுதுபார்க்கும் உரிமை எவருக்குரியது? 2025ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு, பழுதுபார்த்தலைக் கட்டுப்படுத்துவதாகக் கூறி, இரு மாநிலங்களுடன் இணைந்து ஜோன் டியர் நிறுவனத்துக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. குற்றச்சாட்டு நிறுவப்படுவதும் படாததும் வேறு விடயம். உடைமையாளரின் நலனுக்கு முரணான வினாவை உடைமையாளரின் ஏட்டில் முழுமையாக விவாதிக்க இயலாது என்பதே இங்கு முக்கியம். இது தனிமனித எழுத்தாளரின் நேர்மையைப் பொறுத்ததன்று. அவர் எழுதும் நிலைமையைப் பொறுத்தது.

விளம்பரத்தில் வாழும் நாளேடுகளுக்கும் இது பொருந்தாதா எனச் சிலர் வினவுவர். பொருந்தும். ஆயின் நாளேட்டில் வாசகர், பத்திரிகையாளர், விளம்பரதாரர், உரிமையாளர் ஆகியோரின் நலன்கள் மோதுவதால் சிறியதோர் இடைவெளி தோன்றுகின்றது. நிறுவன எழுத்தில் அவ்விடைவெளி பெரும்பாலும் அற்றுப்போகின்றது.

இன்று குப்பை எது எனத் தீர்ப்பளிக்கும் அதிகாரமும் தனியார் கையிலேயே உள்ளது. தேடல் வரிசையிற் செல்வாக்குப் பெறுவதற்கெனப் பெருந்தொகையாக ஆக்கப்படும் பக்கங்களை, அவை இயந்திரத்தாலோ மனிதராலோ எழுதப்படினும், ஸ்பாம் எனக் கொள்வதாக 2024ஆம் ஆண்டு மார்ச்சில் கூகிள் அறிவித்தது. அறிவித்த நிறுவனமே தனது வருமானத்தின் பெரும்பகுதியை விளம்பரத்தாற் பெறுவது. அத்தீர்ப்பு பயனுள்ளதாயினும் அது சந்தையின் ஒழுங்கைக் காக்கும் தீர்ப்பு. உண்மையைக் காப்பது அதன் கடமையாக வரையறுக்கப்படவில்லை.

நிறுவன எழுத்து முழுவதையும் ஸ்பாம் என ஒதுக்குதல் வாசிப்புக்கு முன்பே வழங்கப்படும் தீர்ப்பாகும். ஒதுக்கப்பட்டது மறைந்துவிடுவதில்லை, விவசாயியும் நோயாளியும் மாணவனும் அதனைத் தொடர்ந்து படிக்கின்றனர். பொது நிறுவனங்களின் விரிவாக்கப் பணியும் நூலகமும் நலிவுறுமிடத்து அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. ஆகவே திறனாய்வாளரின் பணி இருவகையானது: இவ்வெழுத்துகளை அவற்றின் மௌனங்களோடு சேர்த்து வாசித்துக் காட்டுதல் ஒன்று, அம்மௌனங்களை நிரப்பவல்ல பொது அறிவு நிறுவனங்களுக்காகக் குரலெழுப்புதல் மற்றொன்று. முன்னது மட்டும் நடைபெறின் அது கல்விமான்களின் பயிற்சியாகவே எஞ்சும்.