சென்னையின் எஃப்சி: பட்டியலில் நிலைத்து நிற்பவர் யார்?

ஒரு கால்பந்து கிளப்பின் வலிமையை ஆட்டம் தொடங்கும்போது களமிறங்கும் பதினொருவரைக் கொண்டு அளப்பதே வழக்கமாக இருந்தாலும், அந்தப் பதினொருவரில் இருவர் காயமடைந்து, ஒருவர் தடை பெற்று, இன்னொருவர் ஆட்டத்திறன் குன்றி நிற்கும் வாரத்தில்தான் அதன் உண்மையான பலம் வெளிப்படுகிறது. அப்போது பயிற்சியாளர் திரும்பிப் பார்ப்பது ஸ்குவாட் எனப்படும் முழு வீரர் பட்டியலை, அதாவது ஒரு பருவத்துக்காகக் கிளப் ஒப்பந்தம் செய்து பதிவுசெய்து வைத்திருக்கும் எல்லா வீரர்களையும்தான். இந்தியன் சூப்பர் லீக் எனும் ஐஎஸ்எல் போட்டி 2014இல் தொடங்கியது முதல் தமிழ்நாட்டின் பெயரைத் தாங்கி ஆடிவரும் சென்னையின் எஃப்சி, இரண்டு முறை கோப்பையை வென்றும் அதே வேகத்தில் அடிமட்டத்துக்குச் சரிந்தும் வந்திருப்பதற்கான காரணத்தை ஒவ்வொரு பருவத்தின் பயிற்சியாளரிடம் தேடுவதைவிட இந்தப் பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்த்துத் தேடுவது பொருத்தமானது.

வீரர் பட்டியலை எப்படி அமைப்பது என்ற கேள்வியில் இத்தாலி நீண்ட அனுபவம் உடைய நாடு. மிலான் நகரின் இன்டர் கிளப் 1908இல் பிறந்ததே, வெளிநாட்டு வீரர்களைச் சேர்க்கலாமா என்ற சர்ச்சையில் ஏசி மிலானிலிருந்து ஒரு பகுதியினர் பிரிந்து வந்ததால்தான். அதே கிளப் 2010 மே 22 அன்று மாட்ரிட் நகரில் பேயர்ன் மியூனிக் அணியை 2-0 என வென்று ஐரோப்பிய சாம்பியன் ஆனபோது, அதன் தொடக்கப் பதினொருவரில் ஓர் இத்தாலியர்கூட இருக்கவில்லை. கடைசி நிமிடங்களில் மாற்று ஆட்டக்காரராக இறங்கிய தற்காப்பு வீரர் மார்கோ மட்டெராசிதான் அன்று இன்டருக்காகக் களம் கண்ட ஒரே இத்தாலியர். இத்தாலிய முதல்நிலைப் போட்டியான சீரி ஆ 2015-16 பருவத்திலிருந்து கொண்டுவந்த விதிப்படி, வயது வந்த வீரர்களுக்கான பட்டியல் இருபத்தைந்து பேரைத் தாண்டக்கூடாது; அவர்களில் நால்வர் அந்தக் கிளப்பிலேயே இளம் வயதில் பயிற்சி பெற்றவர்களாகவும், மேலும் நால்வர் இத்தாலியக் கிளப்புகளில் பயிற்சி பெற்றவர்களாகவும் இருக்க வேண்டும். இந்த விதி கேட்பது வீரர் எந்த நாட்டில் பிறந்தார் என்பதையல்ல, அவர் எங்கே கற்றார் என்பதையே. இந்த நுட்பமான வேறுபாடு சென்னைக்கு மிகவும் தேவையான ஒன்று.

சென்னையின் எஃப்சியின் முதல் பயிற்சியாளராக 2014இல் வந்தவர் அதே மட்டெராசி. 2006 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பிரான்சுக்கு எதிராக இத்தாலியின் கோலை அடித்தவர், சிடேனின் தலைமுட்டலுக்கு ஆளானவர் என்று உலகம் அறிந்த அவர், சென்னையில் பயிற்சியாளராகவும் வீரராகவும் இரட்டைப் பொறுப்பேற்றார். தன் நாட்டுத் தோழர் அலெசான்ட்ரோ நெஸ்டாவை அதே பருவத்தில் அழைத்து வந்தார். அடுத்தடுத்த ஆண்டுகளில் மனுவேலே பிளாசி, அலெசான்ட்ரோ பொடென்சா, டேவிடே சுச்சி ஆகியோரும் நீலச் சட்டை அணிந்தனர். முதல் பருவத்தில் பிரேசில் நடுக்கள வீரர் எலானோ எட்டு கோல்களுடன் லீகின் அதிக கோல் அடித்தவரானார், அணியும் லீக் சுற்றில் முதலிடம் பிடித்தது. ஆயினும் அரையிறுதியில் கேரள பிளாஸ்டர்ஸ் அணியிடம் முதல் ஆட்டத்தில் 0-3 எனத் தோற்றதை, சொந்த மைதானத்தில் பெற்ற 3-1 வெற்றியாலும் சரிக்கட்ட முடியவில்லை.

2015ஆம் ஆண்டின் பட்டியலே இந்தக் கிளப்பின் சிறந்த வார்ப்பு என்று சொல்லலாம். பருவத்தின் நடுவில் புள்ளிப் பட்டியலின் அடிமட்டத்தில் கிடந்த அணி, பிற்பகுதியில் எழுந்து 22 புள்ளிகளுடன் மூன்றாம் இடத்துக்கு வந்தது. டிசம்பர் பெருவெள்ளத்தில் நகரமே மூழ்கியிருந்ததால் அரையிறுதியின் சொந்த ஆட்டத்தைப் புனேயில் ஆட வேண்டிய நிலையிலும், கொல்கத்தாவை 3-0 என வென்றது. டிசம்பர் 20 அன்று கோவாவின் ஃபட்டோர்டா மைதானத்தில் நடந்த இறுதியாட்டத்தில், எண்பத்தேழாம் நிமிடத்தில் 1-2 எனப் பின்தங்கிய பிறகு, எதிரணி கோல்கீப்பர் கட்டிமணியிடமிருந்து விழுந்த சேம் சைடு கோலும், தொண்ணூறு நிமிடம் கடந்த ஈடுகட்டும் நேரத்தில் கொலம்பிய முன்கள வீரர் ஸ்டீவன் மெண்டோசா அடித்த கோலும் கோப்பையைச் சென்னைக்குக் கொண்டுவந்தன. பதின்மூன்று கோல்களுடன் மெண்டோசா லீகின் சிறந்த வீரரானார். புகழ் அவரைச் சேர்ந்தது நியாயமே. ஆனால் அவருக்குத் துணையாக முன்களத்தில் ஓடி, எதிரணித் தற்காப்பை இழுத்து, அவருக்கு வெற்றிடம் உண்டாக்கிக் கொடுத்த மிசோரம் வீரர் ஜேஜே லால்பெக்லுவாவும், ஓரங்களில் ஓயாமல் உழைத்த மணிப்பூரின் தோய் சிங்கும், நடுக்களத்தில் பந்தைப் பறிக்கும் வேலையைச் செய்த ஹர்மன்ஜோத் கப்ராவும் இல்லாமல் அந்தப் பதின்மூன்று கோல்கள் வந்திருக்காது. வளரும் வீரருக்கான விருது ஜேஜேவுக்குக் கிடைத்தது அதற்கான ஒப்புதல்.

காஞ்சிபுரத்து வாசகருக்கு வெளிநாட்டவரும் இந்தியரும் இணைந்த இந்த அமைப்பைக் கோர்வைச் சேலையைக் கொண்டு விளக்கலாம். உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் வெவ்வேறு நாடாக்களால் நெய்யப்பட்டு, ஒவ்வொரு ஊடையிலும் ஒன்றோடொன்று கோக்கப்படுவதே கோர்வை. பார்ப்பவர் கண் முதலில் போவது கரையின் சரிகைக்கு. சேலை பல ஆண்டு உழைப்பதோ உடலின் நெசவாலும் அந்தக் கோப்பின் இறுக்கத்தாலும். வெளிநாட்டு வீரர்கள் கரை என்றால் இந்திய வீரர்கள் உடல். ஐஎஸ்எல் விதிகளும் படிப்படியாக இந்த உடலின் அகலத்தைக் கூட்டியே வந்துள்ளன: முதல் மூன்று பருவங்களில் ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டவர் களத்தில் இருக்கலாம்; 2017-18இல் அது ஐந்தாகவும், 2021-22இல் நான்காகவும் குறைந்தது. அதாவது, தொடக்கத்தில் பதினொருவரில் குறைந்தது ஐவராக இருந்த இந்தியர் 2021-22இல் குறைந்தது எழுவர் ஆயினர். எழுவரின் தரம் சரியில்லாத அணியை நான்கு வெளிநாட்டவர் எவ்வளவு சிறந்தவராயினும் தூக்கி நிறுத்த முடியாது என்பது எளிய கணக்கு.

சென்னையின் பிந்தைய வரலாறு இதற்குச் சான்று. மெண்டோசா இல்லாத 2016இல், நார்வேயின் ரீசே போன்ற பெயர்பெற்றவர்கள் வந்தும், எட்டு அணிகளில் ஏழாம் இடமே கிடைத்தது, மட்டெராசி விடைபெற்றார். அடுத்து வந்த இங்கிலாந்தின் ஜான் கிரிகரி 2017-18இல் அமைத்த அணி, பெயர்களின் பளபளப்பு குறைந்ததாகவும் உறுப்புகளின் இணக்கம் மிகுந்ததாகவும் இருந்தது. கோல்கீப்பர் கரண்ஜித் சிங், இடப்பக்கத் தற்காப்பில் இளைஞர் ஜெர்ரி லால்ரின்சுவாலா, நடுக்களத்தில் அனிருத் தாபா, முன்னே ஜேஜே என இந்தியர்கள் முதுகெலும்பாக நின்றனர். அந்தப் பட்டியலில் தமிழர்கள் நினைவில் வைக்க வேண்டிய பெயர் சென்னை வியாசர்பாடியின் தனபால் கணேஷ். தற்காப்பு நடுக்கள வீரர் என்பவர், தற்காப்பு வரிசைக்குச் சற்று முன்னே நின்று எதிரணியின் தாக்குதலை முளையிலேயே கிள்ளுபவர். கோல் கணக்கில் பெயர் வராத, எனினும் ஆட்டத்தின் தாளத்தைத் தீர்மானிக்கும் இடம் அது. தனபாலோ கோவாவுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் கோலும் அடித்தார். 3-0 என்ற அந்த வெற்றிதான் அணியை இறுதிக்கு அனுப்பியது. 2018 மார்ச் 17 அன்று பெங்களூரில் நடந்த அந்த இறுதியில், சொந்த ரசிகர்கள் முன் ஆடிய பெங்களூரு எஃப்சியை 3-2 என வீழ்த்தியபோது, பிரேசில் தற்காப்பு வீரர் மெய்ல்சன் ஆல்வெஸ் இரண்டு கார்னர்களைத் தலையால் முட்டிக் கோலாக்கினார். மூன்றாவது கோல் ரஃபேல் அகஸ்டோவுடையது. மெய்ல்சன் 2015 அணியிலும் இருந்தவர் என்பது கவனிக்க வேண்டியது: வெளிநாட்டவரிலும் நிலைத்து இருந்தவரே முக்கியமான நாளில் பயன்பட்டார்.

அடுத்த பருவத்தில் அதே அணி பதினெட்டு ஆட்டங்களில் இரண்டை மட்டும் வென்று, ஒன்பது புள்ளிகளுடன் கடைசி இடத்துக்குச் சரிந்தது. காயத்தால் தனபால் களத்துக்கு வெளியே இருந்தார். ஜேஜேவின் கோல்கள் வறண்டன. இவ்விருவருக்கும் ஈடான மாற்று இந்திய வீரர் பட்டியலில் இல்லை என்பது அப்போதுதான் அம்பலமானது. கோப்பை வென்ற ஆண்டிலேயே மாற்று வீரர்களைத் தயாரிக்கத் தவறியதே அந்தச் சரிவின் வேர்.

2019-20இல் பருவத்தின் நடுவில் பொறுப்பேற்ற ஓவன் காயில், லிதுவேனியாவின் நெரியுஸ் வால்ஸ்கிஸ் அடித்த பதினைந்து கோல்களின் உதவியோடு அணியை இறுதிவரை கொண்டுசென்றார். 2020 மார்ச் 14 அன்று, தொற்றுநோய் காரணமாக ரசிகர்கள் இல்லாத ஃபட்டோர்டா மைதானத்தில், கொல்கத்தாவின் ஏடிகே அணியிடம் 1-3 எனத் தோற்றாலும், அந்த அணியின் இந்திய வீரர் வரிசை கிளப்பின் வரலாற்றிலேயே மிகச் செழிப்பானது. கோல்கீப்பர் விஷால் கைத், ஜெர்ரி, தாபா, ஓர வீரர் லாலியன்சுவாலா சாங்தே, தமிழ்நாட்டின் எட்வின் சிட்னி வன்ஸ்பால் என எல்லோரும் இளைஞர்கள். ஐந்தாறு ஆண்டுகள் ஒன்றாக வளரக்கூடியவர்கள். நடந்தது வேறு. காயிலும் வால்ஸ்கிஸும் ஜாம்ஷெட்பூருக்குச் சென்றனர். அங்கே 2021-22இல் காயில் லீக் சுற்றின் முதலிடத்துக்குரிய கேடயத்தை வென்றார். சாங்தே மும்பைக்குப் போய் நாட்டின் சிறந்த வீரராக உயர்ந்தார். விஷால் கைத் கொல்கத்தாவுக்குப் போன முதல் பருவத்திலேயே சிறந்த கோல்கீப்பருக்கான தங்கக் கையுறையைப் பெற்றார். ஜெர்ரி ஈஸ்ட் பெங்காலுக்கும், 2023இல் தாபா மோகன் பகானுக்கும் சென்றனர். அதே காலத்தில் சென்னை தொடர்ந்து மூன்று பருவங்கள் எட்டாம் இடத்தில் நின்றது. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு புதிய பயிற்சியாளர், ஒரு புதிய வெளிநாட்டு வரிசை. திரும்பி வந்த காயில் 2023-24இல் ஆறாம் இடத்துடன் பிளே-ஆஃப் எனப்படும் வெளியேற்றுச் சுற்றுக்கு அழைத்துச் சென்றாலும், 2024-25இல் பதின்மூன்று அணிகளில் பதினொன்றாம் இடமே மிஞ்சியது. பட்டியலைக் கலைத்துக் கலைத்துக் கட்டியதன் விலை இது. வீரர்கள் பிரிந்து செல்வது தொழிலின் இயல்பு. ஆனால் பிரிந்தவர்களில் பலர் பிற ஊர்களில் முழு மலர்ச்சி பெற்றிருப்பது, திறமையை அடையாளம் காணும் கண் சென்னைக்கு இருந்தும் அதைக் காத்து வைக்கும் திட்டம் இருந்ததில்லை என்பதையே காட்டுகிறது.

இதைவிட வருத்தம் தருவது தமிழ்நாட்டு வீரர்களின் நிலை. சிவகங்கைச் சீமையிலிருந்து வந்து, முன்னாள் இந்திய வீரர் ராமன் விஜயனின் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்த சிவசக்தி நாராயணன், 2022-23இல் லீகின் வளரும் வீரர் விருதைப் பெற்றது பெங்களூருவின் சட்டையில். சென்னையில் பிறந்த நந்தகுமார் சேகர், ஒடிசாவில் பெயரெடுத்து, 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையின் கொல்கத்தா டெர்பியில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் ஒரே கோலை அடித்து அந்நகரின் பாதியைக் கொண்டாட வைத்தார். டெர்பி என்பது ஒரே ஊரின் இரு பகைக் கிளப்புகள் மோதும் ஆட்டம். குமரிக் கடற்கரையின் மைக்கேல் சூசைராஜ், 2020இல் சென்னையை வென்று கோப்பை தூக்கிய அதே ஏடிகே அணியின் பட்டியலில் இருந்தார். தமிழ்நாட்டில் திறமை இல்லை என்ற பேச்சுக்கு இம்மூவரும் போதிய பதில். 2018-19இல், ஐஎஸ்எல்லுக்கு இணையாக நடந்த ஐ-லீக் போட்டியின் கோப்பையை ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாகப் பெற்று வென்ற சென்னை சிட்டி எஃப்சி, கோயம்புத்தூரைத் தளமாகக் கொண்டு, 21 கோல் அடித்த பெட்ரோ மான்சி உள்ளிட்ட ஸ்பெயின் வழி வந்தவர்களோடு எட்வின், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற உள்ளூர் இளைஞர்களை இணைத்துச் செய்து காட்டியதும் இதையே. அந்தக் கிளப் பின்னர் மங்கிப் போனாலும் அந்த முறை தவறானது ஆகிவிடவில்லை.

காஞ்சிபுரம், சென்னையின் எஃப்சியின் சொந்த மைதானமான சென்னை நேரு மைதானத்திலிருந்து ஏறக்குறைய எழுபத்தைந்து கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. ஏழரை மணி ஆட்டம் முடியும்போது ஒன்பதேகாலைத் தாண்டிவிடுவதால், அவ்வூரின் பிள்ளையார்பாளையத்துக்கோ ஓரிக்கைக்கோ அதே இரவில் திரும்ப வேண்டிய இளைஞர், தொலைக்காட்சியில் பார்ப்பதே மேல் என்று முடிவு செய்வது இயல்பு. கிளப் ரசிகரைத் தேடி வர வேண்டும். அதற்கு மிகச் சிறந்த வழி அந்த ஊரின் பிள்ளை ஒருவனைப் பட்டியலில் சேர்ப்பது. தறியை விட்டு இளைய தலைமுறை வேறு வேலைகளை நாடும் இந்த மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் உலகப் பெருநிறுவனங்களின் ஆலைகளைக் கொண்டுள்ளன. ஒரு சிறுவர் லீகுக்கு நிதியளிக்கும் வசதி அவற்றுக்கு உண்டு.

இத்தாலியர்கள் விதியாக எழுதிக்கொண்டதை இந்திய லீக் எழுதும்வரை காத்திருக்காமல், சென்னையின் எஃப்சி தன் கொள்கையாக எழுதிக்கொள்ளலாம்: தமிழ்நாட்டில் பயிற்சி பெற்ற நால்வர் எப்போதும் பட்டியலில் இருக்க வேண்டும், அவர்களுக்கு மூன்று ஆண்டுக்குக் குறையாத ஒப்பந்தம் தரப்பட வேண்டும், சென்னை தவிர்த்த மாவட்டங்களிலும் ஆண்டுதோறும் தேர்வு முகாம் நடத்தப்பட வேண்டும். அந்த முகாம்களில் முதலாவதைக் காஞ்சிபுரத்தில் நடத்தக் கிளப் நிர்வாகம் முன்வர வேண்டும். மாவட்ட விளையாட்டு நிர்வாகமும் கல்லூரிகளும் அதற்கு மைதானம் தர வேண்டும்.