உற்றறிதல் என்னும் சொல்லும் நம் அறிவியல் வகுப்பும்

அறிவியலை எம்மொழியில் கற்பிப்பது என்ற வழக்கு நம் நாட்டில் நெடுநாள் நடந்தது. 2003ஆம் ஆண்டு தொடங்கித் தமிழ்ப்பள்ளிகளிலும் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற் கற்பிக்கப்பட்டன. அத்திட்டத்தைக் கைவிடுவதென 2009இல் அரசு முடிவு செய்தது. பின்னர்த் தமிழ் படிப்படியாகத் தன் இடத்திற்குத் திரும்பியது. 2016இல் இருமொழித் திட்டம் வந்தபோது அவ்வழக்கு மீண்டும் மன்றம் ஏறிற்று. தமிழே வேண்டும் என்பார் கட்சியைச் சேர்ந்தவன் யான். ஆயினும், இவ்வழக்கின் ஆரவாரத்தில் அதிகம் கேட்கப்படாத வினா ஒன்று உண்டு. நம் வகுப்பறையில் அந்தப் பாடவேளையில் நடப்பது அறிவியல்தானா?

நம் பாடத்திட்டம் அறிவியல் திறன்களில் முதலாவதாக வைப்பது 'உற்றறிதல்'. இஃது அருமையான சொல். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின்படி ஆறாகப் பகுத்தபோது, புல்லுக்கும் மரத்துக்கும் உரியதாகக் கூறிய முதல் அறிவு, உற்று அறிவது, அதாவது தொட்டுணர்வது. அவ்வளவு பழமையான சொல்லைப் பாடநூலில் வைத்திருக்கும் நாம், பிள்ளைகள் எதையும் தொடாதபடி பாடத்தை நடத்தி முடிக்கிறோம்.

மின்சுற்றுப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். மின்கலங்களின் எண்ணிக்கை தற்சார்பு மாறி. மின்குமிழின் ஒளி சார்பு மாறி. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை இதைத் தடையின்றி ஒப்பிக்கிறான். பயிற்சி நூலிற் சரியான விடையும் எழுதுகிறான். மின்கலத்தையும் கம்பியையும் கையிற் கொடுத்துக் குமிழை எரியச் செய் என்றால் விழிக்கிறான். ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்ததைத் தமிழில் மனப்பாடம் செய்வதற்காகவா நாம் போராடினோம்? இதற்கெல்லாம் ஆறாம் ஆண்டுத் தேர்வே காரணம் என்று முன்பு கூறினோம். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. தேர்வு போன பின்னும் தேர்வுக்குக் கற்பிக்கும் பழக்கம் போகவில்லை.

சொற்பஞ்சம் நமக்கு இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்தில் மருத்துவர் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து நூல்களும் ஆக்கினார். 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியற் சொற்களுக்கெனவே சங்கம் கண்டு இதழ் நடத்தினர். அன்னார் சொல்லை ஆக்கித் தந்தது பொருளை விளக்குதற்கு. நாமோ பொருளைக் காட்டாமல் சொல்லை மட்டும் கொடுத்துவிடுகிறோம்.

பொருளுக்கு எங்கே போவது, பள்ளியில் ஆய்வுக்கூடம் இல்லையே என்பார் உளர். கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் ஆய்வுக்கூடமே. பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயர் அங்கே செங்கல் அறுத்ததனால் வந்தது. ஈரக் களிமண் உருண்டை ஒன்றை வெயிலில் உலர்த்தி நீரில் இடுங்கள், அது கரையும். சூளையில் வெந்த செங்கல் துண்டை இடுங்கள், அது கரையாது. மீளும் மாற்றமும் மீளா மாற்றமும் இதனினும் தெளிவாக விளங்குமோ? கிள்ளான் நகரத்துப் பிள்ளைகள் பாலத்தின்மேல் நின்று ஆற்று நீர் ஏறுவதையும் வடிவதையும் ஒரு வாரம் குறிக்கட்டும். ஏற்றம் நாள்தோறும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்துவதை அவர்களே கண்டு, ஏன் என்று கேட்பார்கள். நிலவைப் பற்றிய பாடத்தை அப்போது தொடங்கலாம்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் செம்பனையே நூல். கோலசிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் வாணிகப் பயிராக அது தொடங்கிய பின்னர், நெடுங்காலம் அதன் மகரந்தத்தைக் காற்றே சுமப்பதாக நம்பினர். காய்ப்புக் குறைந்த இடங்களில் தொழிலாளர் பூவுக்குப் பூ மகரந்தத் தூளைக் கையால் தூவினர். ஆப்பிரிக்காவின் காமரூனில் பூக்களை மொய்க்கும் சிறு வண்டுகளைக் கண்ட டேவிட்சன் என்னும் தோட்ட அதிகாரி, இந்நம்பிக்கையை ஐயுற்றார். சையத் என்னும் பூச்சியியல் அறிஞர் அங்கே சென்று ஆராய்ந்து, வண்டே மகரந்தத்தைச் சுமக்கிறது என நிறுவினார். 1981இல் அவ்வண்டு மலேசியாவிற் கொண்டுவந்து விடப்பட்டது. கையால் தூவும் வேலை ஒழிந்தது. இன்றும் மலர்ந்த ஆண்பூவை அணுகினால் சோம்பு மணம் வீசும். வண்டுகள் மொய்ப்பதைக் காணலாம். உற்றறிந்த ஒருவரின் ஐயம் ஒரு நாட்டின் தொழிலையே மாற்றிய இவ்வரலாறு, பிள்ளையின் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது. அதைக் காட்டாமல் மகரந்தச் சேர்க்கையின் இலக்கணத்தைக் கரும்பலகையில் எழுதி, பார்த்து எழுதச் சொல்கிறோம்.

பாடத்தை முடிக்க நேரம் இல்லை என்று ஆசிரியர் கூறுவதில் உண்மை இல்லாமலில்லை. அறிக்கைகளும் பதிவேடுகளும் அவரை அழுத்துகின்றன. ஆயினும், கண்டு கற்ற ஒரு பாடத்தை மும்முறை திருப்பிச் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே மிஞ்சும் நேரத்தையும் கணக்கிட வேண்டும். அறிவியல் என்றால் ஒப்பிப்பது என்று பன்னிரண்டு வயதில் முடிவு கட்டிய பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் அறிவியற் பிரிவைக் கண்டு ஒதுங்குவான். பின்னர் நம் பிள்ளைகள் அத்துறையில் இல்லையே என்று மேடையில் வருந்துவதாற் பயனில்லை.

எனவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு பாடவேளையேனும் நூலை மூடிவையுங்கள். பொருளை முன்வையுங்கள்; பிள்ளை தொடட்டும், முகரட்டும், தன் வீட்டுத் தமிழிலேயே கண்டதைச் சொல்லட்டும். கலைச்சொல்லை அதன்பின் கொடுங்கள். தலைமையாசிரியர்களும் வகுப்பைப் பார்வையிடச் செல்லும்போது, ஏட்டைப் புரட்டுமுன் பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது என்று நோக்குவார்களாக.