விண்டோஸ் எக்ஸ்பி: நிறையும் குறையும்

மைக்ரோசாப்ட் நிறுவனம் 2001 அக்டோபர் 25-இல் வெளியிட்ட விண்டோஸ் எக்ஸ்பி, கணினி இயக்குதளங்களுள் நெடுங்காலம் போற்றப்பட்டதாகும். விண்டோஸ் 98 போல் அடிக்கடி நிலைகுலையாமை அதன் தலையாய சிறப்பு. யூனிகோடு தமிழுக்கும் இடமளித்து, ‘லதா’ எழுத்துருவையும் உடன் தந்தது. ஆயினும் அவ்வசதியைக் குறுந்தட்டிலிருந்து தனியே நிறுவவேண்டியிருந்தது. அஃதறியாதார் திரையில் கொம்பு எழுத்துக்குப் பின்னே போய் நின்றது. தமிழாசிரியர்க்கு இஃது எளிய குறையன்று. காவலும் தளர்வே. தீச்சுவர் தானாக இயங்கத் தொடங்கியது 2004-இல் வந்த இரண்டாம் திருத்தத் தொகுப்பிலேதான். 2014 ஏப்ரல் 8-உடன் பொதுமக்களுக்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிட்டன. ஆதலின், பழைய பாடக்கோப்புகளைத் திறந்து பார்க்க, இணையத்தொடர்பின்றி இதனை வைத்திருத்தல் தகும். மாணவர் விவரங்களை இதில் வைத்து இணையத்தில் உலவுதல் தகாது. பழகிய கருவி என்பதொன்றே அதனை நம்புதற்குக் காரணமாகாது.