சுறவின் கோடும் சினை என்னும் அடையும்

அகழாய்வில் கிடைக்கும் எலும்புகளைக் கொண்டு விலங்குகளின் உடலளவைக் கணித்தல் தொல்லியலார் கையாளும் முறைகளுள் ஒன்று. அதன் அடிப்படை எளிது. எலும்பின் நீளத்திற்கும் முழுவுடலின் அளவிற்கும் இடையே அவ்வவ்வினத்திற்குரிய விகிதம் உண்டு. இன்று வாழும் உயிர்களை அளந்து அதனைக் கண்டு, பழைய எலும்பிற்குப் பொருத்துவர். ஆயின், எலும்பு இளமையதா முதிர்ந்ததா, ஆணினதா பெண்ணினதா என்பது முதற்கண் தெளிதல் வேண்டும். 2016 சனவரியில் மணப்பாட்டுக் கரையில் 80-க்கு மேற்பட்ட திமிங்கிலங்கள் ஒதுங்கின. மாண்டவை கரையிலேயே புதைக்கப்பட்டன. பிற்காலத்து அம்மணலை அகழ்வோன் இப்பாகுபாட்டை நோக்காது சராசரி காண்பானாயின், அவன் கூறும் அளவு அவற்றுள் எதற்கும் உரியதாகாது.

இந்நெறியைப் பட்டினப்பாலையின் ஓரிடத்திற்குப் பொருத்திக் காண்பது ஈண்டு நோக்கமாகும். பரதவர் கடல்மேற் செல்லாத நாளில் சினைகொண்ட சுறவின் கோட்டை நட்டு வழிபட்டதனை உருத்திரங்கண்ணனார் கூறுகின்றார். அது காவிரிப்பூம்பட்டினத்துச் செய்தியேனும், பரதவர் வாழ்வு மணப்பாடு முதலிய பாண்டியக் கரைக்கும் பொதுவாதலின் இங்கும் வைத்து எண்ணத்தகும்.

கோடு என்பதைக் கொம்பு எனக் கொள்ளுதல் மரபு. ஆயின், நட்டு வழிபடத்தக்க நெடுங்கோடு உடையது மீனவர் வேளா என வழங்கும் மீனே. இருமருங்கும் பல் நிரைந்த வாள்போன்ற அதன் மூக்கே கோடு எனப்பட்டது எனல் பொருந்தும். அம்மூக்கு உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்கு. இனந்தோறும் சிறிது வேறுபடும். எனவே கோடு ஒன்றே மீனின் அளவைக் காட்டவல்லது.

இனி, சினை என்னும் அடையை வெற்றடை என்றும், வளமை வழிபாட்டின் குறிப்பு என்றும் கொள்வார் உளர். வளமைக் கருத்தை யாம் மறுக்கவில்லை. எனினும் அவ்வடை அளவையும் உணர்த்துகின்றது. வேளாவின் பேரினங்கள் ஏறத்தாழ 3 மீட்டர் வளர்ந்த பின்னரே கருக்கொள்ளும். ஆகவே நடப்பெற்ற கோடு இரண்டடியளவோ அதனின் மிக்கதோ ஆதல் வேண்டும்.

மற்றொன்றும் கருதற்பாலது. நட்ட கோட்டைக் காண்பவன் அது சினைமீனினது என்று அறிதல் இயலாது. வேட்டையாடிப் பிளந்தவனே அறிவான். மேலும் அம்மூக்கு குருத்தெலும்பாலாயது. மண்ணுள் அது அழியப் பற்களே எஞ்சக்கூடும். எலும்பு நீளத்தைக் கூறும்; பெண்மையையும் கருவையும் செய்யுளே கூறுகின்றது.

வேளா இன்று இக்கரைகளில் மிக அரிதாகிவிட்டது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளது. அதன் பழைய அளவை அறியச் சான்றுகள் குறைந்துவரும் இந்நாளில், சங்கச் செய்யுளின் அடைமொழிகளை அணி என்று ஒதுக்காது சான்றாகவும் எண்ணிப் பார்த்தல் ஆய்வாளர் கடனாகும்.