கடல் கடந்த செல்வமும் தாயகத்தின் அளவுகோலும்

பிரித்தானியரின் புலப்பெயர்வைச் சாள்ஸ் டிக்கன்ஸ் தம் நாவல்களிற் கையாண்ட முறையை, கதையை முடித்துவைப்பதற்கான உத்தியென்றே விமர்சகர் பலர் கூறிவந்துள்ளனர். அக்கூற்று ‘டேவிட் கொப்பர்பீல்ட்’ (1849–50) நாவலுக்கு ஓரளவு பொருந்தும். இங்கிலாந்திற் கடனுக்காகச் சிறைபுகுந்த மிக்கோபர், அவுஸ்திரேலியாவிற் கடன்தீர்த்து நீதவானாகிறார். அவர் அங்கு கடுமையாக உழைத்தாரெனப் பெகொட்டி வந்து சொல்லும் செய்தியன்றி, இம்மாற்றத்துக்கு நாவலில் வேறு ஆதாரமில்லை. பாத்திர வளர்ச்சி செய்திருக்க வேண்டியதைக் கப்பற் பயணம் செய்துவிடுகிறது. 1850 மார்ச்சில் டிக்கன்ஸ் தொடங்கிய ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ இதழின் முதலிலக்கமே, கரோலைன் சிசம் திரட்டிய குடியேறிகளின் கடிதங்களைத் தாங்கிவந்தது. குடியேற்றத்தை வறுமைக்கு மருந்தெனப் பரிந்துரைத்த இதழாசிரியரின் குரலை மிக்கோபரின் உயர்விலும் நாம் கேட்கிறோம்.

‘கிறேற் எக்ஸ்பெக்ரேஷன்ஸ்’ (1860–61) வேறுவகையானது. மக்விச் விரும்பிச் சென்றவனல்லன். ஆயுட்கால நாடுகடத்தலுக்கு ஆளானவன். நியூ சவுத் வேல்ஸில் ஆடு வளர்த்துப் பெருஞ்செல்வம் ஈட்டுகிறான். ஆயினும் குதிரையேறிச் செல்லும் குடியேறிகள் தன்மீது புழுதி வாரி இறைத்தபோது, அவர்களிலும் மேலான கனவான் ஒருவனை இலண்டனில் உருவாக்குகிறேன் என்றே தேறுதல் கொள்கிறான். செல்வம் அங்கே விளைகிறது. அதன் பெறுமதியோ இங்கிலாந்தில் நிர்ணயிக்கப்படுகிறது. நாவலின் உயிர்நிலை இதுவே. திரும்பிவருதல் மரணதண்டனைக்குரிய குற்றமென அறிந்தும், தான் ‘ஆக்கிய’ கனவானைக் கண்ணாற் காண அவன் வருகிறான். அவனைக் கண்ட பிப் அருவருப்படைகிறான்!

எட்வேட் சயித், ‘பண்பாடும் ஏகாதிபத்தியமும்’ (1993) என்னும் நூலில், மக்விச் மீளவியலாமையைத் தண்டனையாக மட்டுமன்றி ஏகாதிபத்திய ஒழுங்கின் விதியாகவும் காண்கிறார். இது ஏற்கத்தக்கதே. எனினும், சிறையில் மரணப்படுக்கையிற் கிடக்கும் மக்விச்சின் கையைப் பிப் பற்றியிருக்கும் பகுதிக்கு இவ்வாசிப்பு உரிய இடமளிக்கவில்லை. அரசு அவன் சொத்தைப் பறிமுதல் செய்த பின்னரே பிப்பின் அன்பு தூய்மையுறுகிறது. ஒழுங்கை விவரிக்கும் நாவல் அதை ஒப்புக்கொள்கிறது என்று அவசரப்பட்டு முடிவுசெய்தலாகாது.

அவுஸ்திரேலிய நாவலாசிரியர் பீற்றர் கேரி 1997இல் வெளியிட்ட ‘ஜக் மக்ஸ்’, இக்கதையை மறுபக்கத்திலிருந்து எழுதிப்பார்க்கிறது. தன்னை ஆங்கிலேயனென்றே வற்புறுத்தும் மக்ஸ், தான் கைவிட்டு வந்த பிள்ளைகள் நியூ சவுத் வேல்ஸில் இருப்பதை ஈற்றில் உணர்ந்து அங்கு மீள்கிறான். அடையாளத்தை இரத்தத்திலன்றி, ஒருவன் ஏற்கும் பொறுப்பில் வைத்தமை கேரியின் சாதனை. ஆனால் அவனது குடும்பம் செழித்தோங்குவதாகக் காட்டும் இறுதிப்பகுதி, மிக்கோபரின் பழைய முடிவுக்கே எம்மை அழைத்துச் செல்கிறதோ என்ற ஐயம் எழுகின்றது. அச்செழிப்பு எவருடைய நிலத்தில் விளைந்தது என்ற வினாவும் அங்கே எழுப்பப்படவில்லை. அவுஸ்திரேலிய ஆதிக்குடிகளின் குரல் இம்மூன்று நாவல்களிலும் கேட்பதில்லை.

மற்றொன்றும் நோக்கற்பாலது. மக்விச்சின் பணத்தை இழந்த பிப்பும் பிழைப்புத் தேடிக் கெய்ரோவுக்கே செல்கிறான். வணிக நிறுவனமொன்றில் எழுதுவினைஞனாய்ச் சேர்ந்து, பின் பங்காளியாகி, பதினோராண்டுகளின் பின் ஊர் திரும்புகிறான். அவன் வருகையை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.