பெயரின் விலை

முதல் தகவல் அறிக்கையை யாரும் பிரதியாக வாசிப்பதில்லை. நான் வாசிக்கிறேன். 2024 டிசம்பர் 23இல் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி மீது நிகழ்ந்த பாலியல் வன்முறை பற்றிய அறிக்கை, அவருடைய அடையாளத்தோடு வெளியே கசிந்தது. அதன் மொழி பாதிக்கப்பட்டவரையே பழிக்கிறது என்று சென்னை உயர்நீதிமன்றம் கண்டித்தது. 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர உத்தரவிட்டது. 2019இல் பொள்ளாச்சி வழக்கில் காவல் அதிகாரியும் அரசாணையும் பெண்ணின் பெயரைச் சொன்னபோது மதுரைக் கிளை விதித்ததும் அதே 25 லட்சம்.

ஆக, இது கைத்தவறு அல்ல, சொல்லாடல். செய்தவன் வாக்கியத்தின் ஓரத்தில் ஒதுங்க, பெண்ணுடல் எழுவாயாகிறது. "அந்நேரத்துக்கு அந்தப் புள்ளைக்கு அங்க என்னங்க வேலை?" என்று எங்கள் காரமடைத் தேர்வீதியில் மரியாதையாகக் கேட்பதும் இதே இலக்கணம்தான்.

வெளியாள் செய்தான் என்றதும் நிறுவனம் கேமரா மாட்டுகிறது, மாணவியர் விடுதியைச் சீக்கிரம் பூட்டுகிறது. உள்ளே மாணவனால் மாணவிக்கு நேர்வது பேச்சற்றுப் போகிறது. பாதுகாப்பைச் சாக்கிட்டுப் பெண்கள் விடுதிக்குப் பாரபட்சமான விதி கூடாது என்கிறது பல்கலைக்கழக மானியக்குழுவின் 2015 ஒழுங்குவிதி. மாணவர் தொடர்பான புகாரென்றால் உள்விசாரணைக் குழுவில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் மூவர் இருக்கவேண்டும் என்றும் சொல்கிறது. தேர்தலா? நிர்வாகங்களுக்கு அங்கேதான் உதறல்.

2025 மே 13இல் கோவை மகளிர் நீதிமன்றம் பொள்ளாச்சி வழக்கின் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. ஜூன் 2இல் சென்னைக் குற்றவாளிக்குக் குறையாத 30 ஆண்டு. தண்டனை ஆட்களுக்கு விழுந்தது. அறிக்கை எழுதும் மொழியை நீதிமன்றம் மட்டும் மாற்றிவிட முடியாது. விசாரணை மேசையில் அந்த மூன்று பேர் உட்கார்ந்தாக வேண்டும்.