புனிதர் லூயியும் மனுக் கொடுத்தவர்களும்

ஃபிரான்சை 1226 முதல் 1270 வரை ஆண்ட ஒன்பதாம் லூயியைப் பற்றித் தொடக்கத்தில் எழுதியவர்களில் பெரும்பாலோர் துறவிகள். அரசரின் பாவசங்கீர்த்தன குருவான ஜோஃப்ருவா த போலியூ தொடங்கி, அவர்களுடைய அக்கறையெல்லாம் ஒரு புனிதரை நிலைநிறுத்துவதுதான். 1297இல் திருத்தந்தை எட்டாம் போனிஃபாஸ் அந்தப் பட்டத்தை வழங்கினார். அப்போது அரியணையில் இருந்தவர் லூயியின் பேரன் நான்காம் பிலிப். புனிதரின் வாரிசு என்ற பெருமை அவருடைய ஆட்சிக்கு நன்றாகவே பயன்பட்டது. இந்தப் பிம்பம் உருவான கதையை 2008இல் வெளிவந்த செசிலியா கபோஷ்கினின் நூல் விரிவாகச் சொல்கிறது.

துறவிகளின் வரிசையில் சேராத குரல் ழான் த ழுவான்வில்லுடையது. எகிப்துப் படையெடுப்பில் உடன் சென்று, 1250இல் அரசரோடு சிறைப்பட்ட பிரபு அவர். 1309இல், எண்பது வயதைக் கடந்த நிலையில், தன் நூலை முடித்தார். லூயியை அவர் ஆழமாக நேசித்தார். ஆனாலும் குறைகளை மறைக்கவில்லை. மனைவி மக்களைப் பற்றி அரசர் பேசுவதே இல்லை என்று வருந்துகிறார். லூயியின் உயிரை வாங்கிய துனிஸ் படையெடுப்புக்கு வர மறுத்ததையும், அங்கே போகும்படி அரசருக்கு ஆலோசனை சொன்னவர்கள் பெரும்பாவம் செய்தார்கள் என்று தான் கருதியதையும் வெளிப்படையாக எழுதுகிறார். வின்சென் காட்டில் ஓக் மரத்தடியில் அமர்ந்து நீதி வழங்கும் அரசரின் சித்திரமும் இவர் தந்ததுதான். பாடநூல்கள் அதை மட்டும் எடுத்துக்கொண்டன.

ழாக் லெ கோஃப் 1996இல் எழுதிய பெருநூல், லூயி என்றொரு மனிதர் உண்மையில் இருந்தாரா என்றே கேட்கிறது. சான்றுகளெல்லாம் இலட்சிய அரசனின் அச்சில் வார்க்கப்பட்டிருக்கும்போது தனிமனிதரை எங்கே தேடுவது? ழுவான்வில் வழியாக அவரை எட்டலாம் என்பது லெ கோஃபின் பதில். எனக்கு அது பாதி பதில்தான். மறுபாதி விசாரணைப் பதிவேடுகளில் இருக்கிறது.

எகிப்துக்குச் சிலுவைப் போருக்காகப் புறப்படுமுன், 1247இல், லூயி ஊர் ஊராக விசாரணையாளர்களை அனுப்பினார். அவர்களில் பிரான்சிஸ்கன், டொமினிக்கன் துறவிகள் பலர். அரசு அதிகாரிகள் பிடுங்கிய மாடு, நிலம், அநியாயமாக விதித்த அபராதம் என்று எளிய மக்கள் சொன்ன ஆயிரக்கணக்கான முறையீடுகள் எழுத்தில் பதிந்தன. வில்லியம் செஸ்டர் ஜோர்டன் 1979லேயே இந்தச் சீர்திருத்தத்தைச் சிலுவைப் போரோடு இணைத்துக் காட்டினார். மாரி தெழூவின் 2014 நூல், பறித்ததைத் திருப்பிக் கொடுத்துத் தன் ஆன்மாவைக் காத்துக்கொள்ள அரசர் செய்த முயற்சியாக இதைப் படிக்கிறது. குடிகளின் குறையும் அரசரின் பாவ அச்சமும் ஒரே ஏட்டில் சந்திக்கும் இந்தப் பதிவுகளைப் போல வேறெந்தச் சான்றும் என்னை அந்த மனிதரிடம் நெருங்கவைத்ததில்லை.

ஆனால் அதே பக்தி யூதர்களுக்குக் கொடுமையாக முடிந்தது. 1240இல் பாரிசில் யூதர்களின் சமய நூலான தல்மூத் விசாரணைக்கு உள்ளாக்கப்பட்டது. பிறகு அதன் கையெழுத்துப் பிரதிகள் வண்டி வண்டியாகக் கொண்டுவரப்பட்டு எரிக்கப்பட்டன. 1269இல் யூதர்கள் உடையில் அடையாளச் சின்னம் அணிய வேண்டும் என்று ஆணை பிறந்தது. வரலாற்று நூல்கள் பலவற்றில் இந்தச் செய்திகள் தனிப் பிரிவாக ஒதுக்கி வைக்கப்படுகின்றன. அது தவறு என்று நினைக்கிறேன். குடியானவனுக்கு மாட்டைத் திருப்பித் தர வைத்த மனசாட்சிதான் அந்த ஏடுகளுக்கும் தீ வைத்தது. யூத அறிஞர் ரோதன்பர்க் மெயிர் அந்த எரிப்பைப் பற்றி எபிரேயத்தில் பாடிய இரங்கற்பாவையும் ழுவான்வில்லையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கும் வாழ்க்கை வரலாறுதான் இந்தத் துறைக்கு இப்போது தேவை.